பூட்டும் பழுதும்

ஏட்டினைப் பெயர்த்தெழுதப் புகுவோர்க்கு இருவகைத் தடைகள் நேர்வதுண்டு. ஏட்டுக்குரியவர் 'எழுதற்க' என்று மறுப்பது ஒன்று; செல்லும் பூச்சியும் அரித்தமையால் எழுத்தே புலப்படாதொழிவது மற்றொன்று. முன்னது ஒருவரது விருப்பம். பின்னது காலத்தின் செயல். மனிதர் இவ்விரண்டையும் எளிதில் வேறுபடுத்தி அறிவர். வீடியோ நாடாவைப் பெயர்க்கும் பொறியோ சிற்சில வேளைகளில் இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குகின்றது. அம்மயக்கத்தின் காரணத்தையும் அதனைத் தீர்க்கும் முறையையும் ஒருவாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சியில் யான் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எம் இல்லம் திருநெல்வேலி டவுணில் உள்ளது. என் பெற்றோரின் திருமணம் 2001-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அதனைப் படம் பிடித்த மூன்று மணி நேர வி.எச்.எஸ். கேசட்டில், என் தாத்தா மணமக்களை வாழ்த்திப் பேசிய நான்கு நிமிடப் பகுதியும் அடங்கியுள்ளது. யான் பிறப்பதற்கு முன்னரே அவர் காலமானார். அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, ஆற்றையடுத்து வாழும் உறவினர் சிலர் தம் வீட்டு நிழற்படங்களையும் கேசட்டுகளையும் ஒருங்கே இழந்தனர். எம் கேசட் பரண்மீது இருந்தமையால் தப்பியது; எனினும் ஈரக்கசிவால் அதன் ஓரத்தில் வெண்பூஞ்சை படர்ந்தது. இனியும் காலம் தாழ்த்தலாகாதெனக் கருதி, கடந்த கோடை விடுமுறையில் அதனைப் பெயர்க்கத் துணிந்தோம்.

சித்தப்பாவிடம் சிறு கேசட்டில் பதியும் டிஜிட்டல் காமிரா ஒன்று இருந்தது. பழைய வி.சி.ஆரை அதனோடு இணைத்து, ஊர்வலமும் விருந்தும் நீக்கி, வேண்டிய பகுதிகளை மட்டும் நிறுத்தி நிறுத்தித் தொடுத்துப் பதிவு செய்தோம். இருபது நிமிடம் இடையூறின்றிச் சென்றது. தாத்தா ஒலிபெருக்கியின் முன் வந்து நின்ற அளவில் காமிரா தானே நின்றுவிட்டது. 'இது காப்பிடப்பட்ட படம். பிரதி செய்ய இயலாது' என்னும் கருத்துப்பட ஓர் அறிவிப்பு அதன் திரையில் தோன்றியது. மும்முறை முயன்றோம், மும்முறையும் அவ்விடத்திலேயே தடை நேர்ந்தது. அருகிருந்த ஆச்சி, "நம்ம வீட்டுக் கலியாணத்துக்கு எவம்ல பூட்டுப் போட்டான்?" என்று வினவினார்கள். அவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதற்கண் பூட்டு இன்னதென அறிதல் வேண்டும். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் ஒரு படம் 625 வரிகளால் ஆயது; ஒரு விநாடிக்கு 25 படங்கள் தோன்றும். அவ்வரிகளுள் ஏறத்தாழ ஐம்பது வரிகள் திரையில் காணப்படுவதில்லை. ஒரு படத்தின் அடியிலிருந்து அடுத்ததன் முடிக்கு மீள்வதற்கு உரிய இடைவெளி அவை. படம் நிலைகுலையாது நிற்றற்கு வேண்டிய ஒத்திசைவுத் துடிப்புகள் அவ்விடைவெளியில் அமைந்துள்ளன. வி.சி.ஆர். அத்துடிப்புகளின் அளவைக் கொண்டே வரும் சைகை வலியதோ மெலியதோ எனத் தேர்ந்து, பதிவின் அளவைத் தானே கூட்டியும் குறைத்தும் அமைத்துக் கொள்ளும்.

1983-இல் அமெரிக்காவில் தோன்றிய மாக்ரோவிஷன் என்னும் நிறுவனம் இவ்வியல்பையே பூட்டாக்கியது. காணப்படாத வரிகளில் பொய்த் துடிப்புகளையும், அவற்றையடுத்துப் பேரொளிக்குரிய துடிப்புகளையும் அது புகுத்தியது. வி.சி.ஆர். அவற்றைக் கண்டு சைகை மிக வலியதென மயங்கி, அளவைக் குறைத்துவிடும். அதனால் பிரதியிற் படம் இருண்டும் ஒளிர்ந்தும் அலைவுறும். தொலைக்காட்சிப் பெட்டியோ பெரும்பாலும் அவ்வாறு மயங்காது. ஆதலின் விலைக்கு வாங்கிய கேசட்டைக் காண்பதற்குத் தடையில்லை, பிரதி செய்வதற்கே தடை. பின்னர் வந்த டிஜிட்டல் பதிவுப்பொறிகள் இத்துடிப்புகளைக் கண்டவுடன் படத்தைக் கெடுப்பதினும் பதிவையே நிறுத்திவிடுமாறு அமைக்கப்பட்டன. இதனையன்றி டிஜிட்டல் பதிவில் வேறொரு குறியும் உண்டு. 'தடையின்றிப் பிரதி செய்யலாம்', 'ஒருமுறை செய்யலாம்', 'ஒருபோதும் செய்யலாகாது' என்பவற்றுள் ஒன்றனை உணர்த்தும் சிறு குறி, படத்துடனேயே எழுதப்பட்டுச் செல்லும்.

இனிப் பழுது பூட்டாகத் தோன்றுமாறு யாங்ஙனம் என்பதை நோக்குவோம். வி.எச்.எஸ். நாடா அரை அங்குல அகலமுடையது. நாடா மெல்லச் செல்ல, அதனைப் படிக்கும் தலைகளைத் தாங்கிய உருளை நிமிடத்திற்கு 1500 முறை சுழல்கின்றது. ஒரு தலை விட்ட இடத்தில் மறுதலை தொடங்கும் மாற்றம், காணப்படாத வரிகளுக்குச் சற்று முன்னர் நிகழ்கின்றது. நாடா நீண்டிருப்பினும், சுருங்கியிருப்பினும், அதன் காந்தப்பூச்சு தேய்ந்திருப்பினும் அக்குறை முதலில் வெளிப்படுவது அவ்விடத்திலேதான். பூட்டு வைக்கப்படுவதும் அவ்விடத்திலேதான். ஆகவே நிலைகுலைந்த துடிப்பைக் காணும் பொறி அதனைப் பொய்த் துடிப்பென்று கொள்ளுதல் வியப்பன்று. காவற்காரன் முடவனைக் கண்டு, 'இவன் நடை வேறுபட்டுள்ளது. கள்வனே' என்று பிடித்தாற்போன்றதே இச்செயல்.

எனவே, தடை அறிவிப்புத் தோன்றின் அது பூட்டோ பழுதோ என்று தேர்தற்குப் பின்வரும் முறையைக் கைக்கொள்ளலாம்.

முதலாவது, பதிவேற்கும் கேசட்டை நோக்குக. வி.எச்.எஸ். கேசட்டின் முதுகில் ஒரு சிறு பிளாஸ்டிக் தகடு உண்டு; அது ஒடிக்கப்பட்டிருப்பின் பொறி பதிவு செய்ய மறுக்கும். சிறு டிஜிட்டல் கேசட்டில் அதற்கீடாக நகரும் தாழ் ஒன்று உண்டு. இஃது அழியாமைக் காவலேயன்றிப் பிரதித் தடையன்று.

இரண்டாவது, தடை எங்கெங்கு நேர்கின்றது என்று குறித்துக்கொள்க. வேண்டுமென்று வைத்த பூட்டு பெரும்பாலும் படம் தொடங்கியது முதல் நெடுகத் தொடரும். ஓரிரு இடங்களில் மட்டும் தோன்றி மறைவது பெரும்பாலும் பழுதே. ஒரு காட்சியோடு மற்றொன்றைத் தொடுத்த ஒட்டிலும் இது நேரும். அங்கே துடிப்பின் தொடர்ச்சி அறுபடுவதே காரணம்.

மூன்றாவது, தூய்மை. பூஞ்சை படர்ந்த நாடாவை நீக்காது ஓட்டின் தலைகளும் மாசடைந்து, அடுத்த நாடாவும் கெடும். தலைகளைத் துடைக்குங்கால் பஞ்சை மேலுங்கீழுமாகத் தேய்த்தலாகாது. நுண்ணிய தலை ஒடிந்துவிடும். இப்பணியை அறிந்தவரிடம் விடுதலே நன்று.

நான்காவது, வேறொரு வி.சி.ஆரில் இட்டுப் பார்க்க. ஒரு பொறி தடுமாறும் இடத்தை மற்றொன்று செவ்வனே படிப்பதுண்டு. பத்துப்பாட்டை 1889-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் நம் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்து கவிராயர் இல்லங்களில் ஏடு தேடிய வரலாற்றைத் தமிழ் மாணவர் அறிவர். ஓர் ஏட்டிற் சிதைந்த இடத்தை மற்றோர் ஏடு காட்டும் என்பதே அவருடைய நம்பிக்கை. ஈண்டு ஏடு ஒன்றே. படிக்கும் கண்தான் வேறு.

ஐந்தாவது, இவற்றாலும் தீராதபோது, துடிப்புகளைப் புதிதாக அமைத்துத் தரும் 'டைம் பேஸ் கரெக்டர்' என்னும் கருவியை இரண்டு பொறிகளுக்கும் இடையே இணைக்கலாம். அது பழைய துடிப்பை விலக்கி, ஒழுங்கான துடிப்பைப் படத்தோடு சேர்த்தனுப்பும்.

கணிப்பொறியில் திருத்திய படத்தை மீளவும் நாடாவில் ஏற்றுவோர் மற்றொன்றையும் நோக்கல் வேண்டும். மூலத்திலிருந்த தடைக்குறி படத்தோடு கூடவே வந்திருக்கலாம். அன்றித் தாமே டி.வி.டி. அமைக்குங்கால் பிரதித் தடையைக் குறிக்கும் கட்டத்தில் அறியாது குறியிட்டிருக்கலாம். தம் வீட்டைத் தாமே பூட்டிவிட்டுச் சாவி தேடுவார் பலர்.

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். துடிப்பைப் புதுக்கும் கருவி பழுதை நீக்குவதோடு பூட்டையும் திறந்துவிடுமன்றோ? ஆம், திறக்கும். ஆதலாலன்றோ 'இது யாருடைய படம்?' என்னும் வினாவை முதலிலேயே கேட்டல் வேண்டும். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, கூலி கொடுத்து எடுக்கச் செய்த படத்திற்கு, மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, எடுக்கச் செய்தவரே முதல் உரிமையாளர். திருமணப் படத்தில் ஸ்டுடியோவார் சேர்த்த சினிமாப் பாட்டின் உரிமை அவ்வாறு நமதாகாது. 2012-இல் அச்சட்டத்திற் சேர்ந்த 65-ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு காப்பினை உடைப்போர்க்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கின்றது. 'நோக்கத்தோடு' என்னும் சொல் கருதத்தக்கது. பொறி நோக்கத்தை அறியாது. சட்டமும் மனச்சான்றும் அறியும்.

இனி எம் கேசட்டின் செய்தி. டவுணில் பழைய கருவிகளை இன்றும் பேணும் ஒரு ஸ்டுடியோக்காரர் நாடாவின் பூஞ்சையை நீக்கித் தம் வி.சி.ஆரில் ஓட்டினார். முன்னர்ப் பலகால் நின்ற பதிவு அங்கு ஓரிடத்தில் மட்டுமே நின்றது. பிறகு அவர், துடிப்பைப் புதுக்கும் அமைப்புடைய தம் பழைய வீடியோ மிக்ஸர் வழியாக அதனைச் செலுத்தினார், அதுவும் கடந்தது. "இந்த இடம் மட்டும் ஏன் இப்படித் தேய்ந்திருக்கிறது?" என்று அவர் கேட்டார். விடையை என் தாயார் கூறினார்கள். தாத்தா காலமானபின் பல ஆண்டுகள் ஆச்சி அப்பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டி, அவர் முகம் தோன்றும் இடத்தில் படத்தை நிறுத்தி வைத்து நோக்கியிருப்பார்களாம். படம் நிற்பினும் உருளை நில்லாது. தலைகள் நாடாவின் ஓரிடத்தையே உராய்ந்து கொண்டிருக்கும். பூட்டென்று பொறி கூறியது ஆச்சியின் அன்பு பதித்த தேய்வே.

நான்கு நிமிடங்களுள் சில விநாடிகள் இன்னும் நடுக்கத்தோடேயே உள்ளன. குரல் தெளிவாக உள்ளது. அன்று மாலை ஆச்சி அதனை ஒருமுறை கேட்டார்கள், நிறுத்தச் சொல்லவில்லை.

வி.சி.ஆர். செய்து வந்த நிறுவனங்களுள் இறுதியாக எஞ்சிய ஜப்பானிய நிறுவனமான பூனாய், 2016-இல் அத்தொழிலை நிறுத்திவிட்டது. எஞ்சிய பொறிகள் நாள்தோறும் குறைகின்றன. நாடாக்களோ நாள்தோறும் தேய்கின்றன. ஆகலின், உடன்பயிலும் நண்பர்களே, உங்கள் இல்லத்துப் பரணிலும் ஒரு கேசட் இருக்கக்கூடும். அதனை இவ்விடுமுறையிலேயே இறக்கிப் பாருங்கள். தடை தோன்றின் அஞ்சி விடுத்தலும் வேண்டா; ஆராயாது உடைத்தலும் வேண்டா. பிறர் வைத்த பூட்டாயின் அதற்கு மதிப்பளியுங்கள். காலம் செய்த பழுதாயின் அதனைத் தீர்த்து, கேட்கத்தக்க குரலைக் கேட்கத்தக்கவர் உள்ளபோதே காப்பாற்றுங்கள்.