சுரங்கத்துக்குத் திட்டமிடும் கணினி

கோலாலம்பூருக்கு அருகே சுங்கை பெசியில் ஈயம் தோண்டிய பெரும்பள்ளம் இன்று ஏரியாக நிற்கிறது. மேலிருந்து மண்ணை அகழ்ந்து கனிமத்தை எடுக்கும் இத்தகைய சுரங்கத்தைத் திறந்தவெளிச் சுரங்கம் என்பர். தமிழ்நாட்டில் 1957ஆம் ஆண்டு தொடங்கிய நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் இவ்வகையினதே. அங்கே நிலக்கரியை எடுக்க, அதைப்போல் பல மடங்கு மண்ணை அகற்ற வேண்டும். அடியிலிருந்து அழுத்தத்தோடு மேலெழும் நீரையும் இடைவிடாது இறைக்க வேண்டும்.

எங்கே முதலில் வெட்டுவது? சரிவு எவ்வளவு செங்குத்தாக இருக்கலாம்? இவையே திட்டமிடுவோரின் கேள்விகள். ரப்பர் மரம் சீவும் நமக்கு இது புதிதன்று. அளவுக்கு மீறி ஆழமாகச் சீவினால் இன்று பால் கூடும். மரம் புண்பட்டு நாளைய பால் குறையும். சுரங்கச் சரிவைச் செங்குத்தாக வெட்டினால் செலவு குறையும். இடிந்து விழும் ஆபத்தோ கூடும்.

1965ஆம் ஆண்டு லெர்ச்ஸ், கிராஸ்மன் என்னும் இருவர் இதற்கொரு கணக்கு முறையை வெளியிட்டனர். நிலத்தைச் சிறு கட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வரவு செலவையும் கூட்டிக் கழித்து, மிகுந்த ஆதாயம் தரும் பள்ளத்தின் வடிவத்தை அது காட்டும். இன்று செயற்கை நுண்ணறிவும் துணை நிற்கிறது. துளையிட்டு எடுத்த மாதிரிகளைக் கொண்டு, துளைகளுக்கு இடையே எவ்வளவு கனிமம் இருக்கும் என மதிப்பிடுகிறது. எந்த லோரி எங்கே செல்ல வேண்டும் என்றும் வகுக்கிறது.

2013 ஏப்ரல் 10ஆம் நாள் அமெரிக்காவின் பிங்காம் கேன்யன் செம்புச் சுரங்கத்தில் பெரும் சரிவு இடிந்தது. நிலம் நகர்வதைக் கருவிகள் முன்னரே காட்டியதால் பணியாளர் வெளியேற்றப்பட்டனர். ஓர் உயிரும் போகவில்லை. காட்டியது கருவி; முடிவெடுத்தவர் மனிதர்.

ஆயினும் இரண்டை மறக்கலாகாது. பால் எடையைத் தவறாகக் குறித்தால் கிராணியின் கணக்கு முழுதும் பிழையாகும். அதுபோலவே, தவறான அளவைப் பெற்ற கணினி தவறான திட்டத்தையே தரும். இது முதலாவது. இரண்டாவது, ஆஸ்திரேலியாவின் பில்பாராச் சுரங்கங்களில் 2008ஆம் ஆண்டு சோதிக்கப்பட்ட ஓட்டுநரில்லா லோரிகள் இன்று நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன. ஓட்டுநர் வேலை குறைய, அவற்றைக் கண்காணிக்கவும் பழுது பார்க்கவும் கற்றவர்க்கே இடம் கிடைக்கிறது.

ஆகவே, கெமாஸ் தோட்டங்களில் வாழும் நாம் இயந்திரத்தைக் கண்டு அஞ்சுவதிலும் பயனில்லை. அதனை வியந்து நிற்பதிலும் பயனில்லை. நம் பிள்ளைகள் கணக்கையும் அறிவியலையும் ஊன்றிக் கற்கச் செய்வோம். கருவி சொல்வதைச் சரிபார்க்கத் தெரிந்தவரே நாளை அதனை ஆள்வார்.