பலர் எழுதும் கலைக்களஞ்சியமும் மாணவர் கடமையும்

சென்ற ஆண்டு வகுப்பிற்கெனப் புதுவை வரலாறு பற்றிச் சிறு கட்டுரை ஒன்று வரைந்தோம். அதில், 'பிரெஞ்சு ஆட்சி 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16-ஆம் நாள் நீங்கிற்று' என்று எழுதினோம். இணையக் கலைக்களஞ்சியத்திற் கண்ட ஒரு வரியே எமக்குச் சான்று. அதைக் கேட்ட எம் தெருப் பெரியவர் ஒருவர், "தம்பி, 1954 நவம்பர் முதல் நாள் நம் கொடி ஏறியதைச் சிறுவனாய் நின்று பார்த்தேனே, அது கனவா?" என்றார். யாம் மறுமொழியின்றி நின்றோம்.

பின்னர்ச் சான்றுகளைத் தேடிப் படித்தோம். 1954 அக்டோபர் 18-இல் கீழூரிற் கூடிய 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1-இல் ஆட்சி நடைமுறையிற் கைமாறிற்று. 1956-இல் உடன்படிக்கை ஒப்பமாகி, 1962 ஆகஸ்டு 16-இல் அம்மாற்றம் சட்டப்படி நிறைவெய்திற்று. ஆகவே, பெரியவர் கூற்றும் மெய். யாம் கண்ட வரியும் மெய். 'சட்டப்படி' என்னும் ஒரு சொல்லை விடுத்து எழுதிய பிழை எம்முடையதே.

இனி, இத்தகைய களஞ்சியத்தை எவ்வளவு நம்பலாம் என்பதை ஆராய்வோம். ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணியை 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் பதிப்பித்தனர். இவற்றுக்குப் பெயர் விளங்கிய அறிஞரே பொறுப்பாளர். 2001-இல் தோன்றிய விக்கிப்பீடியாவோ, எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்னும் நெறியினது. 2003-இல் தொடங்கிய அதன் தமிழ்ப் பதிப்பு, இலங்கைத் தமிழரான இ. மயூரநாதன் முதலிய தன்னார்வலர் உழைப்பால் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டுள்ளது.

2005-இல் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழ் 42 பொருள்களைப் பற்றிய கட்டுரைகளை வல்லுநரிடம் தந்து ஒப்பிட்டது. கட்டுரை ஒன்றுக்கு விக்கிப்பீடியாவிற் சுமார் நான்கு பிழைகளும், பிரிட்டானிக்காவிற் சுமார் மூன்றும் காணப்பட்டன. ஒப்பிட்ட முறை தவறென்று பிரிட்டானிக்கா மறுத்தது. அதே ஆண்டில், ஜான் சீகெந்தாலர் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கொலைச் சதியோடு தொடர்புபடுத்திய பொய்யுரை, விக்கிப்பீடியாவில் ஏறத்தாழ நான்கு மாதம் திருத்தப்படாது கிடந்தது.

இவ்விரண்டும் முரண்போலத் தோன்றினும் முரணல்ல. பலர் நோக்கும் பக்கத்திற் பிழை விரைவில் திருந்தும்; ஒருவரும் நோக்காத பக்கத்தில் அஃது உறங்கும். ஸ்காட்ஸ் மொழிப் பதிப்பில், அம்மொழியை நன்கறியாத அமெரிக்க இளைஞர் ஒருவர் பல்லாயிரம் கட்டுரைகள் எழுதியிருந்தமை 2020-இல்தான் பரவலாக வெளிப்பட்டது. ஆங்கிலத்தை நோக்கத் தமிழிற் காவலர் சிலரே. ஆதலின் தமிழ் மாணவர்க்கு விழிப்பு மிகுதியும் வேண்டும்.

அதற்கு வழி யாது? ஒவ்வொரு பக்கத்துக்கும் 'வரலாறு' என்னும் பகுதி உண்டு; எவர் எப்பொழுது எதை மாற்றினார் என்பதை அங்கே காணலாம். 'உரையாடல்' பகுதியில் ஐயமும் விவாதமும் கிடக்கும். யாவற்றினும் மேலாக, அடியிற் காட்டிய சான்றினைத் திறந்து படித்தல் வேண்டும். அச்சான்றுதானும் அக்களஞ்சியத்தினின்றே பெயர்த்தெழுதியதாயின், ஒரே குரலின் எதிரொலியை இரண்டாம் சாட்சி என மயங்குவோம். களஞ்சியம் வாயில், வீடு அன்று. வாயிலில் நின்றவாறே வீட்டைக் கண்டதாகச் சொல்லுதல் தகாது.

இன்னுமொன்று. எம் தெருப் பெரியவர் கண்டதை அவர் சொல்லக் கேட்டவாறே அக்களஞ்சியத்திற் சேர்த்தல் இயலாது. வெளியான சான்று வேண்டும் என்பது அதன் விதி. 1736 முதல் இந்நகரில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவைத்த நாட்குறிப்பால் அக்காலத்துப் புதுவையை இன்றும் அறிகிறோம். 1954-ஐக் கண்ணாரக் கண்டோர் நாளும் குறைந்து வருகின்றனர். அவர் வாய்மொழியைக் கேட்டு, நாளும் இடமும் குறித்து, ஒப்புநோக்கி அச்சேற்றுவது நம் கடன். பிழைகண்டு குறைகூறுதல் எளிது. பிறர் நம்பத்தக்க சான்றொன்றை ஆக்கித் தருதலே கற்றார்க்கு அழகு. அம்முதியவரிடம் குறிப்பேட்டுடன் மீண்டும் சென்று அமர்ந்துள்ளோம். நண்பர்களும் தத்தம் தெருவில் அவ்வாறே செய்வாராக.