வலிப்பு உள்ளவருக்கு ஏன் மறதி?

வலிப்பு நோய் உள்ள நம் உறுப்பினர், "மகளுக்குக் காது குத்தினது ஞாபகமே இல்லை" என்று சொன்னால் பொய்யென்று நினைக்காதீங்க. நெற்றிப்பொட்டுக்கு உட்பக்க மூளைதான் நாம் வாழ்ந்த நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கிறது. வலிப்பு அங்கே கிளம்பினால் அந்தப் பதிவு கெடும். சமையலும் களையெடுப்பும் மறக்காது. கல்யாணமும் பிரசவமும் மங்கலாம். அதனாலேயே ஊர் நம்புவதில்லை. கை கால் வெட்டாமல், சிறிது நேரம் வெறித்துப் பார்த்து வாய் மெல்லுவதும் இந்த வலிப்பாக இருக்கலாம். பேய் பிடித்ததல்ல.

சில மாத்திரைகளும் மந்தம் தரும். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். நீங்களா நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

குழுவில் கடன் தரும்போது, அன்றே அவர் நோட்டில் எழுதி வாசித்துக் காட்டுங்க. வீட்டில் போட்டோ காட்டிப் பேசினால் சிலது நினைவுக்கு வரலாம். வராததை, "எப்படிடி மறந்தே?" என்று குடையாதீங்க.