பழைய சினிமா லென்ஸை டிஜிட்டல் கேமராவில் பொருத்தலாமா?

ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி சென்று வந்தவர்கள், எடுத்த படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பகலில் எடுத்த காவடிப் படங்கள் பளிச்சென்று இருக்கும். இரவில் சரவணப் பொய்கையில் எடுத்த தெப்பத் திருவிழாப் படங்கள் கலங்கலாகவும் புள்ளி புள்ளியாகவும் இருக்கும். பலரும் உடனே புதிய கேமரா வாங்க வேண்டும் என்று முடிவெடுக்கின்றனர். ஆனால் பெரும்பாலும் குறை கேமராவில் இல்லை. அதனுடன் தரப்பட்ட லென்ஸ் போதிய ஒளியை உள்ளே விடுவதில்லை.

அதிக ஒளியை உள்வாங்கும் புதிய லென்ஸ்களின் விலை அதிகம். இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. பிலிமில் படம் எடுத்த காலத்து 16 மிமீ மூவி கேமராக்களின் லென்ஸ்களைச் சில டிஜிட்டல் கேமராக்களில் பொருத்தலாம். எல்லாக் கேமராவிலும் முடியாது. எதில் முடியும் என்பதை, காசு செலவழிக்கும் முன் கால்குலேட்டரிலேயே அறிந்து கொள்ளலாம். அதற்கான வழியை இங்கு காணலாம்.

சினி லென்ஸ் என்பது என்ன?

வீட்டு உபயோகத்திற்கும் ஆவணப் படங்களுக்கும் ஏற்ற 16 மிமீ பிலிமை கோடக் நிறுவனம் 1923ல் வெளியிட்டது. 1932ல் 8 மிமீ பிலிம் வந்தது. போலெக்ஸ் போன்ற 16 மிமீ கேமராக்களில் லென்ஸ்களைத் திருகிக் கழற்றி மாற்றலாம். இந்தத் திருகு அமைப்பின் பெயர் சி மவுண்ட். ஒரு அங்குல விட்டமும், அங்குலத்திற்கு 32 புரிகளும் கொண்டது. ஸ்டூடியோக்களில் திரைப்படம் எடுக்கப் பயன்பட்டது 35 மிமீ பிலிம். அதற்கான ஆரிபிளக்ஸ் கேமரா 1937ல் அறிமுகமானது. இத்தகைய பழைய சாதனங்களைப் பார்க்க விரும்புவோர், சென்னை வடபழனியில் 2023ல் திறக்கப்பட்ட ஏ.வி.எம். அருங்காட்சியகத்திற்குச் சென்று வரலாம்.

16 மிமீ லென்ஸ்களில் பல எப் 1.4 என்ற அளவு வரை திறக்கும். எப் எண் குறையக் குறைய ஒளி அதிகமாக உள்ளே வரும். கேமராவுடன் வரும் சாதாரண ஜூம் லென்ஸ் எப் 5.6ல் இருப்பதாகக் கொள்வோம். 5.6ஐ 1.4ஆல் வகுத்தால் 4. அதன் வர்க்கம் 16. அதாவது, எப் 1.4 லென்ஸ் 16 மடங்கு ஒளியைத் தரும். விநாடியில் 8ல் ஒரு பங்கு நேரத்தில் கை நடுங்கி எடுத்த அதே தெப்பப் படத்தை, விநாடியில் 125ல் ஒரு பங்கு நேரத்தில் நடுக்கமின்றி எடுக்கலாம்.

முதல் எண்: லென்ஸ் தூரம்

லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து பிலிம் அல்லது சென்சார் வரை உள்ள தூரம் ஒவ்வொரு வகைக் கேமராவுக்கும் நிலையானது. அந்த அளவுகள் இதோ.

8 மிமீ மூவி கேமரா (டி மவுண்ட்): 12.29 மிமீ
16 மிமீ மூவி கேமரா (சி மவுண்ட்): 17.526 மிமீ
35 மிமீ ஆரிபிளக்ஸ்: 52 மிமீ
மைக்ரோ போர் தேர்ட்ஸ் (பேனசோனிக், ஒலிம்பஸ்): 19.25 மிமீ
சோனி இ மவுண்ட்: 18 மிமீ
நிக்கான் இசட்: 16 மிமீ
கேனான் டி.எஸ்.எல்.ஆர்.: 44 மிமீ
நிக்கான் டி.எஸ்.எல்.ஆர்.: 46.5 மிமீ

விதி எளிது. கேமராவின் எண், லென்ஸின் எண்ணைவிடக் குறைவாக இருந்தால், வித்தியாசம் எவ்வளவோ அந்தத் தடிமனில் ஒரு வளையத்தை இடையில் வைத்தால் போதும். இந்த வளையத்தைத்தான் அடாப்டர் என்கிறோம். கேமராவின் எண் கூடுதலாக இருந்தால், லென்ஸ் அந்த அளவுக்குக் கேமராவின் உள்ளே செல்ல வேண்டும்.

கேனான் டி.எஸ்.எல்.ஆர். கேமராவைப் பாருங்கள். 44லிருந்து 17.526ஐக் கழித்தால் 26 மிமீக்கு மேல் வருகிறது. அவ்வளவு ஆழத்தில் லென்ஸை வைத்தால், மேலும் கீழும் ஆடும் கண்ணாடி அதில் மோதும். எனவே டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் சி மவுண்ட் லென்ஸ் தூரக் காட்சிகளைக் காட்டவே காட்டாது. கண்ணாடி இல்லாத கேமராக்கள் வந்த பிறகே இந்த வழி திறந்தது. மைக்ரோ போர் தேர்ட்ஸ் 2008லும், சோனி இ மவுண்ட் 2010லும் வந்தன. இவற்றில் லென்ஸ் உள்ளே செல்ல வேண்டிய அளவு முறையே 1.724 மிமீ, 0.474 மிமீ மட்டுமே. எனவே இவற்றின் அடாப்டர் சற்றே குழிந்த கிண்ணம் போல இருக்கும். லென்ஸின் உடல் அகலமாக இருந்தால் இந்தக் குழியில் அமராமல் இடிக்கும். அடாப்டர் வாங்கும் முன் லென்ஸின் பின்பக்க விட்டத்தை அளந்து கொள்ளவும்.

35 மிமீ ஆரிபிளக்ஸ் லென்ஸுக்கு 52 மிமீ என்பதால், கணக்குப்படி எல்லாக் கேமராவிலும் இடம் உண்டு. ஆனால் சில பழைய லென்ஸ்களின் பின்பகுதி நீண்டிருக்கும், டி.எஸ்.எல்.ஆர். கண்ணாடியை உடைத்துவிடலாம். இங்கும் கண்ணாடியில்லாக் கேமராவே பாதுகாப்பானது.

இரண்டாவது எண்: ஒளி வட்டம்

லென்ஸ் கேமராவில் அமர்ந்துவிட்டது. ஆனால் படத்தின் நான்கு மூலைகளும் கருப்பாக வருகின்றன. ஏன்? 16 மிமீ பிலிமின் ஒரு பிரேம் 10.26 × 7.49 மிமீ. மூலைக்கு மூலை 12.7 மிமீ. அந்த அளவுக்கே ஒளி வட்டம் விழுந்தால் போதும் என்று லென்ஸை வடிவமைத்தனர். மைக்ரோ போர் தேர்ட்ஸ் சென்சாரோ 17.3 × 13 மிமீ. மூலைக்கு மூலை 21.6 மிமீ. சோனி கேமராக்களில் உள்ள ஏ.பி.எஸ்.சி. சென்சாரில் இது 28 மிமீ. எனவே மூலைகள் இருண்டு விடுகின்றன.

நடைமுறையில் 25 மிமீ லென்ஸ்கள் பல, தேவையைவிடச் சற்றுப் பெரிய வட்டத்தைத் தருகின்றன. 50, 75 மிமீ லென்ஸ்கள் பெரும்பாலும் மைக்ரோ போர் தேர்ட்ஸ் சென்சாரை மூடிவிடும். 10 மிமீ போன்ற அகலக் கோண லென்ஸ்களில் படம் ஒரு சாவித்துளைக்குள் பார்ப்பது போல் தெரியும்.

மூலைகளை வெட்டி எறிந்தால் என்ன மிஞ்சும்? 16 மெகாபிக்ஸல் மைக்ரோ போர் தேர்ட்ஸ் கேமராவின் படம் 4608 × 3456 பிக்ஸல். நடுவில் 16 மிமீ பிரேம் அளவை மட்டும் எடுத்தால் சுமார் 2730 × 1990 பிக்ஸல் கிடைக்கும். அதாவது 5.4 மெகாபிக்ஸல். ஆறுக்கு நான்கு அங்குலப் பிரிண்டுக்கு 1800 × 1200 போதும். முழு எச்.டி. வீடியோவுக்கு 1920 × 1080 போதும். எனவே ஆல்பத்திற்கும் டிவிக்கும் குறைவில்லை. சுவரில் மாட்டும் பெரிய படம்தான் நோக்கம் என்றால் இந்த வழி உங்களுக்கு ஏற்றதல்ல.

கேமராவில் செய்ய வேண்டியவை

1. பழைய லென்ஸில் மின் தொடர்பு இல்லாததால், லென்ஸே இல்லை என்று கேமரா நினைத்துக்கொண்டு ஷட்டரை இயக்காது. மெனுவில் பேனசோனிக் என்றால் ‘ஷூட் வித்தவுட் லென்ஸ்’, சோனி என்றால் ‘ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்’ என்பதைத் தேடி இயக்கிடவும்.

2. டயலை ‘ஏ’ அல்லது ‘எம்’ நிலையில் வைக்கவும். எப் எண்ணை லென்ஸின் வளையத்திலேயே மாற்ற வேண்டும்.

3. ஆட்டோ போகஸ் கிடையாது. ‘போகஸ் பீக்கிங்’ வசதி இருந்தால் இயக்கிடவும். தெளிவான விளிம்புகள் நிறக் கோடுகளாகத் தெரியும்.

4. முதல் முறை பொருத்தும்போது விரல் நுனியால் மெதுவாகச் சுழற்றவும். சிறிது தடை தெரிந்தாலும் நிறுத்திவிடவும். உள்ளே சில மில்லிமீட்டர் தொலைவில் ஷட்டர் உள்ளது.

திருத்தணியில் ஒரு சோதனை

லென்ஸைச் சோதிக்கத் திருத்தணி அருமையான இடம். கீழே ஊரில் மலை தெரியும் ஓரிடத்தில் நின்று, லென்ஸைக் கடைசித் தூரக் குறியில் வைத்து, மலைமேல் கோபுரத்தைப் படம் எடுக்கவும். கோபுரம் கலங்கலாக இருந்து, போகஸ் வளையம் மேலும் திரும்ப மறுத்தால் அடாப்டர் தடித்துவிட்டது என்று பொருள். கடைசிக் குறிக்குச் சற்று முன்னதாகவே கோபுரம் தெளிவானால் அடாப்டர் மெலிந்துள்ளது, அதனால் தொல்லையில்லை.

சிறு பிழைகூட எவ்வளவு பாதிக்கும் என்பதற்கும் கணக்கு உண்டு. லென்ஸின் மிமீ அளவை அதே எண்ணால் பெருக்கி, பிழை அளவால் வகுக்கவும். 25 மிமீ லென்ஸில் 0.1 மிமீ பிழை என்றால் 625ஐ 0.1ஆல் வகுக்க 6250 மிமீ. லென்ஸை முழுதும் திறந்த நிலையில், சுமார் ஆறே கால் மீட்டருக்கு அப்பால் எதிலும் போகஸ் செய்ய முடியாது! 10 மிமீ லென்ஸில் இது ஒரே மீட்டர். மலிவு அடாப்டரில் படம் தெளியவில்லை என்றால் லென்ஸைக் குறை சொல்லும் முன் இதைச் சோதிக்கவும்.

அடுத்து மலைப் படிக்கட்டு. ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகளும் வரிசையாகக் கோடு போட்டது போல இருக்கும். பக்தர்களுக்கு இடையூறின்றி ஓரமாக நின்று, எப் 1.4ல் ஏதாவது ஒரு படியில் போகஸ் செய்து எடுக்கவும். எந்தப் படி தெளிவாக வந்துள்ளது, அதன் இரு ஓரங்களும் தெளிவாக உள்ளனவா என்று பிறகு பார்க்கலாம். தமிழகக் கோயில்களுக்குள் மொபைல் போனுக்குத் தடை விதிக்குமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. கேமராவையும் வெளியிலேயே பயன்படுத்திடுங்கள்.

கம்ப்யூட்டரில் பார்த்தல்

கேமராவின் சிறிய திரையில் எல்லாப் படமும் அழகாகவே தெரியும். முடிவைக் கம்ப்யூட்டரில்தான் எடுக்க வேண்டும். வீட்டு உபயோகத்திற்கு இலவசமாகக் கிடைக்கும் இர்பான்வியூ புரோகிராமில் படத்தைத் திறந்து கண்ட்ரோல், எச் கீகளை அழுத்தினால் படம் முழு அளவில் தெரியும். நடுப்பகுதியையும் மூலைகளையும் ஒப்பிடவும்.

கருத்த மூலைகளை நீக்க, மவுஸால் நடுவில் ஒரு கட்டம் வரைந்து கண்ட்ரோல், ஒய் கீகளை அழுத்தவும். மூலை மங்கலாக மட்டும் இருந்தால் இலவச டார்க்டேபிள் போன்ற புரோகிராம்களில் வெளிச்சமாக்கலாம். முழுக் கருப்பாக இருந்தால் எதனாலும் மீட்க முடியாது. அங்கே ஒளியே பதிவாகவில்லை.

இன்னொரு குறிப்பு. படத்தின் பைலில் லென்ஸ் அளவும் எப் எண்ணும் பதிவாகாது. எனவே ‘25மிமீ-எப்1.4’ என்று போல்டருக்குப் பெயரிட்டு, அந்தப் படங்களைத் தனியே வைத்திடுங்கள்.

வாங்கும் முன்

* வீட்டு அலமாரியில் பழைய மூவி கேமரா இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். சூப்பர் 8 கேமராக்கள் பெரும்பாலானவற்றில் லென்ஸைக் கழற்ற முடியாது. 8 மிமீ டி மவுண்ட் லென்ஸின் ஒளி வட்டம் இந்தச் சென்சார்களுக்கு மிகச் சிறியது.

* லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பார்க்கவும். நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரக் காற்றில் இது வளரும். நல்ல லென்ஸைச் சிலிகா ஜெல் பையுடன் மூடிய டப்பாவில் வைத்திடவும்.

* ‘ஆர்எக்ஸ்’ என்ற குறியுள்ள போலெக்ஸ் லென்ஸ்கள், அந்தக் கேமராவின் உள்ளே இருக்கும் பட்டகத்திற்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டவை. 50 மிமீ வரையிலானவை டிஜிட்டல் கேமராவில் முழுதும் திறந்த நிலையில் சற்று மங்கலாகத் தெரியும்.

* கண்காணிப்புக் கேமரா லென்ஸ்களிலும் இதே திருகு உண்டு. ஆனால் அவற்றில் பல சி.எஸ். மவுண்ட் வகை, தூரம் 12.526 மிமீ மட்டுமே. திருகு பொருந்தும், ஆனால் மிக அருகில் உள்ள பொருள் மட்டுமே தெரியும். சி மவுண்ட் என்று உறுதி செய்த பின் பணம் கொடுக்கவும்.

கண்ணாடியில்லாக் கேமரா ஏற்கனவே வைத்திருப்பவர்கள், பூஞ்சை இல்லாத 25 மிமீ, எப் 1.4 சி மவுண்ட் லென்ஸ் ஒன்றில் தொடங்கலாம். டி.எஸ்.எல்.ஆர். அல்லது லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா வைத்திருப்பவர்கள் இதற்காகச் செலவு செய்ய வேண்டாம். ஒரு முக்காலி வாங்கினால் அசையாத இரவுக் காட்சிகள் தெளிவாக வரும்.