மறைந்த ரேகையும் பொன் துகளும்

முன்னுரை

குற்றம் புரிந்தவன் தன்னை அறியாமலே விட்டுச்செல்லும் சான்று அவனது விரல்ரேகை. உலகின் முதல் கைரேகைப் பதிவகம் 1897-ஆம் ஆண்டு கல்கத்தாவில் நிறுவப்பெற்றது. எட்வர்டு ஹென்றியின் பெயரால் வழங்கும் ரேகைப் பகுப்பு முறைக்குக் கணித அடிப்படை வகுத்தவர் காஜி அஜிஸுல் ஹக். உடன் உழைத்தவர் ஹேமச்சந்திர போஸ். இவ்விருவரும் அந்நாளில் காவல்துறைத் துணை ஆய்வாளர்கள் என்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத்தக்கது.

ரேகைகளை வகைப்படுத்த அவர்கள் வழி கண்டனர். கண்ணுக்குப் புலனாகாத ரேகையை வெளிக்கொணர்வதோ வேறொரு சிக்கல். அதற்கு இன்றைய நானோ அறிவியல் எவ்வாறு துணைபுரிகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மறைரேகையின் இயல்பு

விரல் பட்ட இடத்தில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் படிகின்றன. வியர்வையில் பெரும்பகுதி நீரே; அது உலர்ந்தபின் உப்பும் அமினோ அமிலங்களும் எஞ்சுகின்றன. வழவழப்பான பரப்பில் பொடி தூவியும், காகிதத்தில் நின்ஹைட்ரின் என்னும் வேதிப்பொருளால் ஊதா நிறம் எழச் செய்தும் ரேகையைக் காண்பது வழக்கம். நின்ஹைட்ரினை இப்பணிக்குப் பயன்படுத்தலாம் என்பது 1954-இல் வெளிப்பட்டது. ஆனால் காகிதம் நனைந்துவிட்டால் அமினோ அமிலங்கள் கரைந்தோடிவிடும்; அம்முறை பயனற்றுப்போகும்.

பொன் துகளின் பணி

ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் ஆகும். சில பத்து நானோமீட்டர் அளவுள்ள பொன் துகள்கள் நீரில் மிதக்கும்போது அந்நீர் பொன்னிறம் காட்டாது செந்நிறம் காட்டும். இத்துகள்களைச் சூழ்ந்துள்ள சிட்ரேட் அவற்றுக்கு எதிர்மின்னூட்டம் தருகிறது. அமிலத் தன்மையுள்ள கரைசலில் ரேகையிலுள்ள அமினோ அமிலங்களும் புரதக் கூறுகளும் நேர்மின்னூட்டம் பெறுகின்றன. ஒன்றையொன்று ஈர்ப்பதால் பொன் ரேகையின் மேல் படிகிறது.

அப்படிவு மிக மெல்லியது. எனவே அடுத்து வெள்ளிக் கரைசலில் அமிழ்த்துகின்றனர். பொன் துகள் வினையூக்கியாக நிற்க, அதனைச் சுற்றி வெள்ளி திரண்டு ரேகை கருமையாகத் துலங்குகிறது. 1989-இல் அமெரிக்காவில் சாண்டர்ஸ் வகுத்த இம்முறை, நனைந்த பொருள்களிலும் பயன்தரவல்லது.

2007-இல் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேலும் ஒரு படி சென்றனர். நிக்கோட்டின் உடலில் சிதைவதால் உண்டாகும் கோட்டினின் என்னும் பொருளைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைப் பொன் துகளில் இணைத்து, ரேகைக்குரியவர் புகைபிடிப்பவர் என்பதை அந்த ரேகையைக் கொண்டே காட்டினர்.

எனினும் பொன் துகள் முறையில் கட்டங்கள் பல. அமில அளவு சிறிது பிறழினும் விளைவு கெடும். ஆதலின் அன்றாடப் பணியில் பொடியும் நின்ஹைட்ரினுமே இன்றும் முன்நிற்கின்றன.

ஒப்பீடும் நீதியும்

ரேகையைத் துலக்குவது வேறு. அது இன்னாருடையது எனத் துணிவது வேறு. 2004-இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு வழக்கில், ஒரு பையில் கிடைத்த ரேகை ஓரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை முடிவுசெய்தது. அவர் ஏறத்தாழ இரு வாரங்கள் காவலில் இருந்தார். அது வேறொருவருடையது என ஸ்பெயின் காவல்துறை கண்டறிந்தது. ரேகை வெளிப்பட்டே இருந்தது, தவறியது ஒப்பீடு. அவர் இஸ்லாத்தைத் தழுவியவர் என்பது, ஐயம் எழுந்த பின்னும் நிபுணர்கள் தம் முடிவைப் போதிய அளவு மீளாய்வு செய்யாமைக்குத் துணைபோயிருக்கக்கூடும் என 2006-இல் அந்நாட்டு நீதித்துறைத் தலைமை ஆய்வாளரின் அறிக்கை சுட்டியது.

முடிவுரை

மறைந்ததைக் காட்டும் ஆற்றல் துகளுக்கு உண்டு. கண்டதை நடுநிலையோடு எடைபோடும் பொறுப்பு மனிதனுக்கே உரியது. ஆய்வுக்கூடம் புகவிருக்கும் நம் மாணவர்கள் வேதியியல் நுட்பத்தோடு, தம் முடிவைத் தாமே ஐயுற்று மீண்டும் சோதிக்கும் பண்பையும் பயில வேண்டும். குற்றவாளியைக் காட்டுவதோடு குற்றமற்றவரைக் காப்பதும் தடயவியலின் கடமையாம் என்பது எம் துணிபு.