மானேசரிலிருந்து வந்த கேள்வி

பெருந்துறையிலிருந்து எழுதிய வாசகிக்கு,

நீங்களும் உங்கள் அண்ணனும் சேர்ந்து மஞ்சள்தூள், மசாலாப்பொடி தொழிலுக்குத் தனியார் கம்பெனி ஒன்றைப் பதிவு செய்ய விண்ணப்பித்ததையும், அது மறுசமர்ப்பிப்பு தேவை என்ற குறிப்போடு திரும்பி வந்ததையும் எழுதியிருந்தீர்கள். “கவர்ன்மென்டே வேண்டாம்னு சொல்லிருச்சு, விட்டுடலாம்கறார் அப்பா” என்ற வரியைப் படித்தபிறகு பதிலைத் தள்ளிப்போட மனம் வரவில்லை. இதே இடத்தில் தயங்கி நிற்பவர்கள் பலர் என்பதால் உங்கள் பெயரையும் கம்பெனியின் பெயரையும் விட்டுவிட்டு இதழிலேயே எழுதுகிறேன்.

அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நிராகரித்திருந்தால் ‘ரிஜெக்டட்’ என்றே வந்திருக்கும். உங்களுக்கு வந்திருப்பவை மூன்று கேள்விகள். கம்பெனி பதிவுக்கான 2014-ஆம் ஆண்டு விதிகளில் 38-ஆவது விதி இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. விண்ணப்பத்தில் குறை கண்டால் பதிவாளர் அதைத் தெரிவித்து, சரிசெய்ய 15 நாள் தரவேண்டும். திருத்தி அனுப்பியதிலும் குறை இருந்தால் இன்னொரு 15 நாள். மொத்தம் 30 நாளுக்கு மேல் போகக்கூடாது. அதிகாரி மனமிரங்கித் தருவதல்ல இது. விண்ணப்பிக்கும் எவருக்கும் உள்ள உரிமை. ஆனால் மூன்றாவது வாய்ப்பு கிடையாது என்பதால் முதல் பதிலையே கடைசிப் பதிலைப்போல எழுதவேண்டும்.

கேள்வி கேட்டவர் யார், எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டால் பதில் எழுதுவது பாதி சுலபமாகிவிடும். உங்கள் விண்ணப்பத்தைக் கோவையிலுள்ள பதிவாளர் அலுவலகம் பார்ப்பதில்லை. ஹரியானா மாநிலம் மானேசரில் இருக்கும் மத்தியப் பதிவு மையம் பார்க்கிறது. 2016-இல் தொடங்கிய அந்த மையத்துக்குத்தான் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் புதுக் கம்பெனி விண்ணப்பங்கள் போய்ச் சேருகின்றன. நேரில் போய் விளக்க முடியாது. பெருந்துறையில் உங்கள் குடும்பத்தையும் வீட்டையும் தெரியாதவர் இருக்கமாட்டார்கள். மானேசரில் இருப்பவருக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் ஏற்றிய பிடிஎஃப் கோப்புகள் மட்டுமே. “இது எங்க தாத்தா வீடு, எல்லாருக்கும் தெரியும்” என்பது அவருக்குப் பதிலாகாது. தாத்தா, அப்பா, நீங்கள் என்ற தொடர்ச்சியைக் காகிதம் காட்டவேண்டும்.

அவர் ஏன் இவ்வளவு நுணுக்கிப் பார்க்கிறார் என்பதற்கும் காரணம் உண்டு. 2017-இல் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளை அரசு பதிவேட்டிலிருந்து நீக்கியது. இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ எந்தத் தொழிலும் செய்யாமல் பெயரளவில் இருந்தவை அவை. 2022-இல், பதிவு அலுவலகம் என்று காட்டிய முகவரிக்குப் பதிவாளர் நேரில் போய், உள்ளூர்க்காரர் இருவரைச் சாட்சியாக வைத்துப் பார்ப்பதற்கென்றே தனி விதியும் வந்தது. இல்லாத கட்டடத்துக்கும் கம்பெனி பதிவான அனுபவம் அரசுக்கு உண்டு. உங்கள்மேல் சந்தேகம் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்கு வந்த முதல் கேள்வி அலுவலக முகவரி பற்றியது. எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. ஈபி பில் தாத்தா பெயரில் இருக்கிறது, தாத்தா காலமாகிவிட்டார். இடத்தைக் கம்பெனி பயன்படுத்திக்கொள்ள ஆட்சேபணையில்லை என்று கையெழுத்திட்டவர் அப்பா. விதி கேட்பது மூன்று: உரிமையாளரின் சம்மதம், அவர்தான் உரிமையாளர் என்பதற்கு ஆவணம், இரண்டு மாதத்துக்கு மேற்படாத மின்சாரம், தொலைபேசி, காஸ் போன்ற ஒரு பில். இவற்றில் நடுவில் உள்ள உரிமை ஆவணம் உங்கள் காகிதங்களில் இல்லை. தாத்தா அந்த வீட்டை அப்பாவுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பத்திரமும், தாத்தாவின் இறப்புச் சான்றிதழும், அப்பா பெயரிலுள்ள வீட்டு வரி ரசீதும் சேர்ந்தால் தொடர்ச்சி முழுமையாகிவிடும். எதுவும் எழுதாமல் தாத்தா போய்விட்டார் என்றால் விஷயம் வேறு. அப்போது வீடு அப்பாவுக்கு மட்டும் சொந்தமில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் அத்தைகளுக்கும் அதில் பங்கு உண்டு. பாட்டி இருந்தால் அவருக்கும் உண்டு. வாரிசுச் சான்றிதழோடு அவர்கள் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். அத்தைகளிடம் கையெழுத்துக் கேட்பது வீட்டில் வேறு பேச்சுகளைக் கிளப்பும் என்று தயங்குவீர்கள். அப்படியானால் ஊரில் ஒரு சின்ன அறையை முறையாக வாடகைக்குப் பிடிப்பது நல்லது. பங்கு இருப்பவர்களை மறைத்து ‘நானே ஒரே உரிமையாளர்’ என்று அப்பாவிடம் எழுதி வாங்கவேண்டாம்.

இங்கே இன்னொரு சிக்கலையும் சொல்லவேண்டும். நம் ஊரில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பார்கள். முதலில் விண்ணப்பித்தபோது ஒன்றரை மாதம் ஆகியிருந்த பில், கேள்வி வந்து நீங்கள் பதில் அனுப்புவதற்குள் இரண்டு மாதத்தைத் தாண்டியிருக்கும். உரிமை பற்றிய கேள்விக்கு அருமையாகப் பதில் சொல்லிவிட்டுப் பழைய பில்லையே மறுபடி இணைத்தால், அந்த ஒரு காரணத்துக்காக இரண்டாவது வாய்ப்பும் செலவாகும். புதுக் கணக்கெடுப்பு எந்தத் தேதியில் வரும் என்று பார்த்து அதற்கேற்பத் திட்டமிடுங்கள். வீட்டு வரி ரசீதும் செட்டில்மென்ட் பத்திரமும் தமிழில் இருக்கும். மானேசரில் அதைப் படிக்க ஆள் இருப்பார் என்று நம்பி இருக்கக்கூடாது. சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பை மூலத்தோடு சேர்த்து வையுங்கள்.

இரண்டாவது கேள்வி உங்கள் அண்ணனின் பெயர். ஆதாரில் இனிஷியலோடு இருக்கிறது. பான் கார்டில் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்து, குடும்பப் பெயரைப்போல உட்கார்ந்திருக்கிறது. பான் விண்ணப்பத்தில் பெயரை இனிஷியலாக எழுத அனுமதியில்லை. ஆதாரில் அந்தத் தடை இல்லை. ஆக, ஒரே மனிதருக்கு அரசாங்கமே கொடுத்த இரண்டு அட்டைகளில் இரண்டு பெயர்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம் போட்ட படிவம், குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத கோடிக்கணக்கான தமிழர்களை நினைத்து உருவானதல்ல. நம் இனிஷியல் வழக்கம் அரசுக்குப் புதிதும் இல்லை. இதைப் படிவத்தில் ஒருமுறை சரிசெய்தால் ஒவ்வொரு விண்ணப்பதாரரும் நோட்டரியிடம் ஓடவேண்டியிருக்காது. அந்தத் திருத்தத்தை நாம் விடாமல் கேட்கத்தான் வேண்டும். ஆனால் உங்களுக்கு இருப்பது 15 நாள். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று அண்ணன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நோட்டரியிடம் சான்று வாங்கட்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோ பாஸ்போர்ட்டோ இருந்தால் துணைக்கு வைக்கலாம். படிவத்திலும் டிஜிட்டல் கையெழுத்திலும் பானில் உள்ள பெயரையே வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரைத் திருத்துவதைப் பிறகு நிதானமாகச் செய்யலாம்.

மூன்றாவது, நோக்கங்கள் பற்றிய கேள்வி. மஞ்சளும் மசாலாவும் செய்யும் கம்பெனியின் நோக்கப் பட்டியலில் ரியல் எஸ்டேட், ஃபைனான்ஸ், சாஃப்ட்வேர் எல்லாம் எப்படி வந்தன என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் ‘பிற நோக்கங்கள்’ என்று ஒரு பகுதி இருந்தது. என்றாவது பயன்படும் என்று எல்லாவற்றையும் அதில் எழுதிவைப்பார்கள். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் அந்தப் பகுதியை எடுத்துவிட்டது. பழைய மாதிரிப் படிவங்கள் மட்டும் இன்னும் புழங்குகின்றன. தொடர்பில்லாதவற்றை நீக்கிவிடுங்கள். ஃபைனான்ஸ் என்ற சொல் நின்றால் ரிசர்வ் வங்கி சம்பந்தமான அடுத்த கேள்வி வரும். பின்னாளில் வேறு தொழில் தொடங்கினால் சிறப்புத் தீர்மானம் போட்டு நோக்கத்தை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

பெயர் கட்டத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். இன்னும் தாண்டாதவர்களுக்காகச் சில வரிகள். பெயர் ஒதுக்கக் கேட்கும் முதல் பகுதிக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இரண்டு பெயர்கள் கொடுக்கலாம். திருத்தி அனுப்ப ஒரே ஒரு வாய்ப்பு. கொங்குப் பகுதியில் குலதெய்வத்தின் பெயரை முதற்சொல்லாக வைக்காத குடும்பம் குறைவு. அதே தெய்வத்தின் பெயரில் முன்பே கம்பெனிகள் இருக்கும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை மாற்றி எழுதினாலும், பன்மை ஆக்கினாலும், சொற்களை முன்பின்னாக மாற்றினாலும், ஊர்ப் பெயரையோ எண்ணையோ சேர்த்தாலும் விதி அதைப் புதுப் பெயராக ஏற்காது. ஊர்ப் பெயர் சேர்ப்பதென்றால் ஏற்கெனவே உள்ள கம்பெனி இயக்குநர் குழுத் தீர்மானம் போட்டு, ஆட்சேபணையில்லை என்று தரவேண்டும். தெய்வத்தின் பெயரோடு வேறு எவரும் வைத்திராத ஒரு சொல்லை முன்னால் சேர்ப்பதுதான் நடைமுறையில் பலிக்கிற வழி. வர்த்தகக் குறி பதிவேட்டையும் தேடிப் பாருங்கள். பதிவான குறியோடு பெயர் மோதினால், கம்பெனி தொடங்கி மூன்று ஆண்டுக்குள் குறியின் உரிமையாளர் முறையிட்டு உங்கள் பெயரை மாற்றவைக்க முடியும். மாற்றச் சொல்லியும் மாற்றாத கம்பெனிகளுக்கு, உத்தரவைப் பின்பற்றாதது என்று காட்டும் எழுத்துகளையும் ஆண்டையும் எண்ணையும் சேர்த்து அரசே ஒரு பெயர் வைத்துவிடும் விதி 2021 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அத்தனை ஆசையாகத் தேடிய பெயருக்கு அந்த நிலை வரவேண்டாம்.

இனி, பதிலை எழுதும் முறை. அதிகாரி கேட்ட மூன்று கேள்விகளையும் அவர் எழுதியபடியே, அதே வரிசையில் எடுத்து எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் என்ன திருத்தினீர்கள், அதற்கு எந்த ஆவணம் எந்த இணைப்பில் இருக்கிறது என்று இரண்டு மூன்று வரிகள் போதும். “கருணை கூர்ந்து அனுமதிக்கவும்” என்ற வேண்டுதலுக்கு அங்கே வேலை இல்லை. ‘சரியான ஆவணத்தை இணைக்கவும்’ என்று மொட்டையாக, விளங்காத மாதிரி கேள்வி வந்தால், அதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்பதையும் எழுதிவிட்டுப் பதில் சொல்லுங்கள். கேள்வியைத் தெளிவாக எழுதுவது அரசின் கடமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு வாய்ப்பு வீணானால் நஷ்டம் விண்ணப்பித்தவருக்குத்தான். ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று நீங்கள் ஒதுங்கிவிடவும் கூடாது. அவர் சான்றளிப்பார், தகவல் உங்களுடையது. வந்த மின்னஞ்சலை முழுதாக வாங்கிப் படியுங்கள், அனுப்பப்போகும் பதிலையும் அனுப்புவதற்கு முன்பு படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய வரி வேறொன்று. பழைய தேதி போட்டு ஒரு வாடகை ஒப்பந்தம் தயார்செய்து தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். பொய்யான தகவல் கொடுத்தோ உண்மையை மறைத்தோ கம்பெனி பதிவு செய்தால் அது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 447-ஆவது பிரிவின்படி மோசடி. 10 லட்சம் ரூபாய் அல்லது ஆண்டு விற்றுமுதலில் ஒரு சதவீதம், இவற்றில் எது குறைவோ அந்தத் தொகைக்கு மேற்பட்ட மோசடி என்றால் ஆறு மாதத்துக்குக் குறையாத, பத்து ஆண்டு வரை போகக்கூடிய சிறைத் தண்டனை. அதே சட்டத்தின் 7-ஆவது பிரிவின்படித் தீர்ப்பாயம் கம்பெனியைக் கலைக்கச் சொல்லலாம்; உறுப்பினர்களின் பொறுப்புக்கு வரம்பில்லை என்றும் உத்தரவிடலாம். கடன் வந்தால் வீட்டைத் தொடக்கூடாது என்பதற்காகத்தானே தனியார் கம்பெனி வேண்டும் என்று அண்ணன் சொன்னதாக எழுதியிருந்தீர்கள்? அந்தப் பாதுகாப்பையே ஒரு பொய்க் காகிதம் பறித்துவிடும். உண்மையான ஆவணம் இல்லாமல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் பரவாயில்லை, புதிதாக விண்ணப்பிக்கலாம். 15 லட்சம் ரூபாய் வரையிலான அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்துக்கு மத்திய அரசின் பதிவுக் கட்டணமே கிடையாது. பெயருக்கான 1,000 ரூபாயும் முத்திரைத் தீர்வையும் சில்லறைச் செலவுகளும்தான்.

நாள் கணக்கில் ஒரு எச்சரிக்கை. படிவத்தைத் திருத்தினால் நீங்களும் அண்ணனும் டிஜிட்டல் கையெழுத்தை மறுபடி போடவேண்டும். ஆடிட்டரும் மறுபடி போடவேண்டும். அண்ணன் அடுத்த வாரம் சரக்கு விஷயமாக வடக்கே போகிறார் என்றால் டிஜிட்டல் கையெழுத்துக்கான டோக்கனை எடுத்துக்கொண்டே போகட்டும். ஞாயிறும் பண்டிகையும் அந்த 15 நாளில் அடக்கம். கடைசி நாளில் இணையதளம் திணறினால் முறையிட நேரமிருக்காது. பத்தாவது நாளுக்குள் அனுப்பிவிடும்படி வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் முதலில் செய்யவேண்டியது, தாத்தா எழுதிய பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று அப்பாவிடம் உட்கார்ந்து கேட்பது. இருந்தால் நகல் எடுத்து மொழிபெயர்ப்புக்குக் கொடுத்துவிடுங்கள். வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தால் பதிவான பத்திரம் தெரிந்துவிடும். இல்லையென்றால் அத்தைகளிடம் பேசுவதா, வாடகைக்கு அறை பார்ப்பதா என்று இரண்டு நாளுக்குள் முடிவெடுங்கள். பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். பங்குப் பணத்தைக் கம்பெனியின் வங்கிக் கணக்கில் போட்டு, தொழில் தொடங்கும் அறிவிப்பை 180 நாளுக்குள் தாக்கல் செய்யவேண்டும். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்.