துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று கேள்

அன்புள்ள தம்பிக்கு,

நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு சிற்றூரில் குடும்ப மருத்துவராகச் சேர்ந்த செய்தி அறிந்து மகிழ்ந்தேன். மான் வேட்டைக்கு வாங்கியது, காவலுக்கு வைத்திருப்பது, தாத்தா விட்டுப்போனது என்று அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் துப்பாக்கி இருக்கும். அமெரிக்காவில் தற்கொலையால் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் துப்பாக்கியால்தான் இறக்கிறார்கள். மனம் உடைந்து வருபவரிடம் தூக்கம், பசி, குடி பற்றி விசாரிக்கும்போது இதையும் விசாரி.

"சாக நினைப்பவன் எப்படியும் வழி தேடிக்கொள்வான்" என்று பலர் சொல்வார்கள். நம்பாதே. அந்த எண்ணம் உக்கிரமாக இருப்பது பலருக்குச் சில நிமிடங்கள், சில மணி நேரம்தான். முயன்று உயிர் பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. அந்தப் பின்னாளைத் துப்பாக்கி அநேகமாக யாருக்கும் விட்டுவைப்பதில்லை. ஆகவே அந்த நேரத்தில் அது கைக்கு எட்டாமல் இருப்பதே பெரிய சிகிச்சை. வார விடுமுறையில் வீட்டுக்குப் போகும் வீரர்கள் ஆயுதத்தை முகாமிலேயே விட்டுச் செல்லவேண்டும் என்று இஸ்ரேல் ராணுவம் 2006இல் விதித்தது. வீரர்களின் தற்கொலை சுமார் 40 விழுக்காடு குறைந்தது. வார நாட்களில் கூடவும் இல்லை.

எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "துப்பாக்கி வைத்திருக்கிறீர்களா?" என்று மொட்டையாகக் கேட்டால் போலீஸ் விசாரணையாகிவிடும். "இந்த ஊரில் பல வீடுகளில் துப்பாக்கி உண்டு. மனசு இப்படித் தவிக்கும்போது கொஞ்ச நாளைக்கு அதை எட்டத்தில் வைப்பது நல்லது. உங்கள் வீட்டில் எப்படி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேள். 'கொஞ்ச நாளைக்கு' என்பதை அழுத்திச் சொல். நீ பறிக்க வரவில்லை என்று புரிந்தால் அவர் பேசுவார். இதையெல்லாம் மருத்துவர் கேட்கலாமா என்று தயங்காதே. இப்படிக் கேட்பதற்குக் கட்டுப்பாடு விதித்து ஃபுளோரிடா 2011இல் போட்ட சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

முதல் யோசனை, துப்பாக்கி வீட்டை விட்டே வெளியே போவது: நம்பிக்கையான உறவினரிடமோ, வாங்கி வைத்துக்கொள்ளும் கடையிலோ. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதால் உன் மாநில விதியைத் தெரிந்து வைத்துக்கொள். அது முடியாவிட்டால், தோட்டாவை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைப் பூட்டவேண்டும். தோட்டாவை வேறிடத்தில் தனியாகப் பூட்டவேண்டும். சாவி அவரிடம் இருக்கக் கூடாது. எண் பூட்டு என்றால், அவர் சம்மதத்தோடு மனைவியைக் கூப்பிட்டு அன்றைக்கே எண்ணை மாற்றச் சொல். பிறந்தநாளை எண்ணாக வைக்க வேண்டாம் என்பதையும் சொல்.

பருவ வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். துப்பாக்கி இருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரியாது என்று பெற்றோர் நம்புவார்கள், பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். ஒளித்து வைப்பது பூட்டி வைப்பதாகாது.

துப்பாக்கிப் பிரியர்களை எதிராளியாக நினைத்துவிடாதே. 2009இல் உன் மாநிலத்திலேயே ஒரு கடையில் துப்பாக்கி வாங்கிய மூன்று பேர், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள், ஒரே வாரத்துக்குள் தற்கொலையால் இறந்தார்கள். நொறுங்கிப்போன கடைக்காரர் பொதுச் சுகாதாரப் பணியாளர்களோடு சேர்ந்தார். கலங்கிய மனத்தோடு வருபவரை அடையாளம் காண விற்பனையாளர்களுக்கு வழிகாட்டி தயாரானது; கடைகளில் சுவரொட்டிகள் ஏறின; பிற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. உன் ஊர்க் கடைக்காரரோடு நீயும் பழகு.

நோயாளி எழுந்து போகுமுன் யார், எப்போது, எங்கே கொண்டுபோவது என்று முடிவாகட்டும். மைத்துனரிடம் கொடுப்பதாகச் சொன்னால் உன் எதிரிலேயே போன் செய்யட்டும். எந்நேரமும் அழைக்கக்கூடிய 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை எழுதிக் கொடு. மறுவாரம் நீயே கூப்பிட்டு, ஒப்படைத்தாயிற்றா என்று கேள். பூட்டு மனநோயைத் தீர்க்காது. மருந்தும் பேச்சும் வேலை செய்யும்வரை ஆளைக் காப்பாற்றி வைக்கும். அந்த அவகாசத்தை வாங்கிக் கொடுப்பது உன் கடமை.

அன்புடன்,
உன் அண்ணன்